நொடிக்கு ஐம்பது பாதிகள்

"கோடு கோடா இருக்குக்கா."

என்னிடம் டிஸ்க் கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். கல்யாணமோ காதுகுத்தோ கோயில் திருவிழாவோ, எதுவானாலும் வேறு எங்காவது கொடுத்து பென்டிரைவில் ஏற்றி வாங்கியிருப்பார்கள். பெரிய டிவியில் போட்டுப் பார்த்தால் ஆள் கையை அசைத்ததுமே கையில் சீப்புப் பல் முளைக்கும். தாலியை எடுக்கும் மாப்பிள்ளையின் விரல் முழுக்கக் கோடு. என்னிடம் வந்தால் கோடு போய்விடும் என்று பாக்கார் ஆராங் பக்கம் எனக்கு ஒரு பேர் உண்டு. வாரநாளில் தொழிற்சாலையில் மின்பலகைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கிற வேலை. சனி ஞாயிறில் வீட்டு முன்னறையில் இந்த வேலை. இரண்டுமே அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடிக்கிற வேலைதான். அதனால்தான் எனக்கு வாய் நீளம் என்று அம்மா சொல்வாள்.

கோடு வருவதற்குக் காரணம் பெரிய ரகசியம் இல்லை. அந்தக் காலத்து வீடியோ கேமரா நொடிக்கு ஐம்பது முறை பார்க்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் படத்தில் பாதியைத்தான் பார்க்கும். ஒரு முறை ஒற்றைப்படை வரிகள், அடுத்த முறை இரட்டைப்படை வரிகள். பழைய பெட்டி டிவி அந்தப் பாதிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும், நம் கண் சேர்த்துக்கொள்ளும். இப்போதைய டிவியும் போனும் முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் காட்டுகிறவை. வெவ்வேறு கணத்தில் எடுத்த இரண்டு பாதிகளை ஒரே படமாக ஒட்டிக் காட்டினால், நிற்கிறவர் ஒழுங்காகத் தெரிவார், ஓடுகிறவர் கிழிந்து தெரிவார்.

டிஸ்கை மாற்றும்போது கணினி கேட்கும்: இன்டர்லேஸா, புரோகிரஸிவா? முன்னதைச் சொன்னால் பாதிகள் பாதிகளாகவே இருக்கும். எதுவும் தொலையாது, ஆனால் கோடும் இருக்கும். பின்னதைச் சொன்னால் எல்லாம் முழுப் படங்களாக மாறும். அதிலும் இரண்டு வழி. ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாக முழுப் படமாக்கி, நொடிக்கு ஐம்பதையும் வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் என் பழைய கணினி ஒரு டிஸ்குக்கு அரை நாள் முனகும். இல்லையென்றால் இரண்டில் ஒரு பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்றதை இழுத்து நிரப்பலாம். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். நான் தூக்கிப் போடுகிறவள். இத்தனை வருடத்தில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. கோடு போனதா, போனது. தூக்கிப் போட்ட பாதியை யார் வந்து தேடப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

முதன்முதலில் கை பழகுவதற்கு என் கல்யாண டிஸ்கையே எடுத்துக்கொண்டேன். கெட்டுப்போனாலும் நஷ்டம் இல்லை பாருங்கள். கட்டியவர் பட்டர்வொர்த்தில், நான் இங்கே என்று பிரிந்து அப்போதே இரண்டு வருடம். திகாம் பத்து பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்த கல்யாணம். வீடியோக்காரர் என் முகத்தைச் சுற்றி இதயங்களைப் பறக்க விட்டிருந்தார். அப்பிய பவுடரில் நான் அரிசி மாவு சலித்தவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன். முதல் டிஸ்கில் தாலி கட்டு, இரண்டாவதில் விருந்து. இரண்டையும் மாற்றினேன். கோடு இல்லை. வேலை கைக்கு வந்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது. மற்றபடி அதை நான் உட்கார்ந்து பார்க்கவில்லை.

அதே வாரம் அண்ணன் வந்தார். திகாம் பத்துவில் இருக்கிறார், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். வீட்டுக்குப் பின்னால் மிளகாயும் பயித்தங்காயும் போட்டிருக்கிறார்.

"பழைய சிடி இருந்தா குடு. செடியில கட்டித் தொங்கவிடணும். மைனா தொல்ல தாங்கல," என்றார்.

வெயிலில் மினுங்கினால் பறவை கிட்டே வராது. இங்கே தோட்டத்திலும் வயலிலும் எல்லாரும் கட்டுவதுதான். வீட்டில் கிடந்த பழைய பாட்டு, சினிமா டிஸ்குகள் ஒரு பை நிறைய இருந்தன. அதோடு என் கல்யாணத்தையும் போட்டுக் கொடுத்தேன். கூட வந்திருந்த அண்ணி மேலே கிடந்த டிஸ்கில் என் பெயரும் கட்டியவர் பெயரும் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"இது உன் கல்யாணமாச்சே."

"உள்ள இருந்ததெல்லாம் எடுத்தாச்சு அண்ணி. இனி அது குப்பைதான்."

என் கல்யாணத்தால் மைனாவாவது விரட்டப்படட்டுமே என்று ஒரு நக்கலும் அடித்தேன். அண்ணன் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்தப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. அவளைச் சின்னவள் என்றுதான் சொல்வோம், பெரியவள் ஒருத்தி இருந்ததால்.

பெரியவள் ஆறு வயதில் டெங்கிக் காய்ச்சலில் போய்விட்டாள். மூன்றே நாள். அப்போது அண்ணி சின்னவளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். அடுத்தது தங்க வேண்டுமானால் போனதன் உடுப்பு, படம் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். என் அம்மாதான் முன்னால் நின்றாள். என் கல்யாண ஆல்பத்தில் குழந்தை இருந்த இரண்டு படங்களையும் கூட உருவி எடுத்தாள். படகு வைத்திருந்த தெரிந்தவர் ஒருவர் கோலா கெடாவில் இருந்ததால் அங்கே போய் எல்லாவற்றையும் கடலில் விட்டோம். பையைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். எல்லாவற்றுக்கும் வாயாடுகிற நான் அன்றைக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அண்ணி கரையிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மிஞ்சியது தடிக்காவில், அதுதான் பாலர் பள்ளியில், எடுத்த கூட்டப்படம் ஒன்றுதான். அதில் குழந்தை கண்ணை மூடியிருக்கும்.

"அக்கா எப்படி இருப்பா, எப்படி நடப்பான்னு இவ கேட்டுக்கிட்டே இருக்கா," என்றார் அண்ணி. "வாயால எவ்ளோ நாள் சொல்றது? உன் கல்யாணத்துல குறுக்க ஓடுவாளே, அது வீடியோல இருக்கும்ல? ஆல்பத்துல இருந்து உருவுன மாதிரி அதுல இருந்து உருவ முடியாதுல்ல?"

இருந்தது. தாலி கட்டி முடிந்து எல்லாரும் அட்சதை போடும்போது, மஞ்சள் பட்டுப் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது பக்கத்திலிருந்து ஓடி வருவாள். கேமராவுக்கு முன்னால் கடந்து, நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் மறைந்துவிடுவாள். மொத்தம் நான்கு நொடி. டிவியில் போட்டேன். அண்ணி நாற்காலியை டிவிக்குக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

குழந்தை வந்தாள், போனாள்.

"இன்னொரு தடவ," என்றார். ஐந்து தடவை போட்டேன். ஐந்தாவது தடவையில் அண்ணியின் முகம் மாறியிருந்தது.

"இது என்னா, வெட்டி வெட்டிப் போறா? மூஞ்சியும் கலங்கலா இருக்கு. அவ துள்ளித் துள்ளி ஓடுவா. கொலுசு சத்தத்த வெச்சே எங்க நிக்கறான்னு சொல்லிருவேன். இது அவ ஓட்டமே இல்லையே."

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அசையாமல் உட்கார்ந்திருந்த என்னையும் மாப்பிள்ளையையும் சுத்தமாகக் காட்டிய அதே படம், ஓடின குழந்தையைச் சிதைத்திருந்தது. இரண்டில் ஒரு பாதியைத் தூக்கிப் போட்டவள் நான். அவள் காலடியில் பாதி அதோடு போயிருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"பழைய கேமரா அண்ணி. அந்தக் காலத்துல அப்படித்தான்லா தெரியும்."

சின்னவளும், "குவாலிட்டி அப்படித்தான்மா," என்றாள்.

அண்ணி எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளிப் போட்டார்.

"அப்ப எனக்குத்தான் மறந்துபோச்சு போல," என்றார்.

அந்தக் குரலில் ஒரு குற்றச்சாட்டு இருந்திருந்தால் நான் பதிலுக்குச் சண்டை பிடித்திருப்பேன். அது எனக்கு நன்றாக வரும். அவர் என்னை நம்பினார். பத்து மாதம் சுமந்து ஆறு வருடம் வளர்த்த தன் ஞாபகத்தை விட என் பேச்சை நம்பிவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் காடியைக் கிளப்பி ஓட்டிக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று கையசைத்தேன். அசிங்கமாக இருந்தது.

அடுத்த வாரம் அண்ணன் போன் பண்ணினார்.

"அன்னைக்கு என்னத்தலா காட்டுன? அவ ஒரு மாதிரியா இருக்கா. முன்ன எல்லாம் சாப்பிடறப்ப சின்னவகிட்ட அக்கா கதை ஒன்னு ரெண்டு சொல்லுவா. இப்ப கேட்டா, 'எனக்குச் சரியா ஞாபகம் இல்லம்மா'ங்கறா."

போனை வைத்துவிட்டு அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். என்ன திருகினாலும் வராது. வீசிய பாதி அந்தக் கோப்பில் எங்கேயும் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. இருந்தால் டிஸ்கில் மட்டும்தான் இருக்கும். டிஸ்க் எங்கே இருக்கிறது? அண்ணன் வீட்டு மிளகாய்ச் செடியில், இரண்டு வருட வெயிலிலும் மழையிலும். பெற்றவள் தினமும் துணி காயப்போடுகிற இடத்தில் அவள் பிள்ளையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மறுநாள் காலையிலேயே திகாம் பத்துவுக்குப் போனேன். கணினியையும் டிஸ்க் படிக்கிற பெட்டியையும் காடியில் வைத்திருந்தேன். என் திட்டம் என்ன தெரியுமா? மிளகாய் பறிக்கிற சாக்கில் டிஸ்கை நைசாக அவிழ்த்துக்கொண்டு வந்து, சரி செய்து, "நல்ல மென்பொருள் கிடைத்தது" என்று கொடுத்துவிடுவது. பழுது கண்டுபிடிக்கிறவளுக்குத் தன் பழுதை மறைக்கத்தான் முதலில் புத்தி போகிறது.

அண்ணன் லாரியில் போயிருந்தார். சின்னவள் பள்ளியில். அண்ணி பின்னால் பயித்தங்காய்க் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். பாத்தி முழுக்க டிஸ்குகள் நூலில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருப்பினேன். பலதில் எழுத்தே இல்லை, வெயில் குடித்துவிட்டிருந்தது. அடிப்பக்கம் வெளுத்து, ஓரத்தில் தோல் உரிந்து கிடந்தன. மூன்றாவது வரிசையில் என் பெயரில் முதல் எழுத்தும் 2 என்ற எண்ணும் மட்டும் தெரிந்த ஒன்று கிடைத்தது. இரண்டாவது டிஸ்க். விருந்து. எல்லாரும் பிரியாணி சாப்பிடுகிற டிஸ்க். முதலாவது எங்கேயும் இல்லை. மறுபடி முதலிலிருந்து திருப்பிக்கொண்டு வந்தேன்.

"என்னா தேடற?" என்றார் அண்ணி.

மிளகாய் என்று சொல்ல வாய் திறந்தேன். கையில் டிஸ்கை வைத்துக்கொண்டு எந்த மிளகாய்? சொல்லிவிட்டேன்.

"அண்ணி, உங்களுக்கு ஒன்னும் மறக்கல. கேமராவும் பழசு இல்ல. மாத்தறப்ப நான்தான் பாதிப் படத்த வீசிட்டேன். சீக்கிரம் முடியுதுன்னு வீசிட்டேன். அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் கொடியைக் கட்டி முடித்தார். முடிச்சை இறுக்கினார். என்னைத் திட்டியிருக்கலாம், திட்ட வேண்டும் என்று எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன். அலமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிரித்தார். உள்ளே முதல் டிஸ்க் இருந்தது. செடியில் கட்டிய நூல்கூட அதில் அப்படியே தொங்கியது.

"ஒருத்திக்குத் தாலி கட்டுன படத்தப் போய் செடியில கட்டுவாங்களா? உங்கண்ணன அன்னைக்கே நல்லா ஏசிட்டு அவுத்துட்டேன். நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் சேந்துட்டீங்கன்னா, கேப்பியேன்னு வெச்சேன்."

"இது இருக்குன்னு ஏன் அண்ணி சொல்லல?"

"உள்ள இருந்ததெல்லாம் எடுத்தாச்சுன்னு நீதானே சொன்ன. காலி தட்டுன்னு நெனச்சேன்."

துணியை எடுத்துவிட்டால் கொடி காலியாகிவிடுவதைப் போல, படத்தை எடுத்துவிட்டால் டிஸ்கும் காலி என்று நினைத்திருக்கிறார். காலியாகிவிட்டது என்று நினைத்தும் என் கல்யாணத்துக்காக அதைப் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்திருந்தார். எனக்குத் தலை நிமிரவில்லை.

சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்தேன். டிஸ்க் பெட்டி மூன்று தடவை கரகரத்து நின்றது. நான்காவது தடவை படித்தது. முழு டிஸ்கையும் தொடவில்லை, அந்த நான்கு நொடியை மட்டும் வெட்டினேன். இந்தத் தடவை எதையும் வீசவில்லை. ஒவ்வொரு பாதியும் தனிப் படம், நொடிக்கு ஐம்பது. சின்னத் துண்டு என்பதால் சில நிமிடத்தில் முடிந்தது.

குழந்தை வந்தாள். அவ்வளவு தடங்கலில்லாமல் ஒருவர் என் கணினியில் அசைந்து நான் பார்த்ததில்லை. பட்டு மடிப்பு அசைவதும், பின்னல் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் போவதும் தெரிந்தது. நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் மறைவதற்கு முன் திரும்பிப் பார்க்கிறாள். முன்பு கலங்கலாக இருந்த இடம் அதுதான். இப்போது கண் தெரிந்தது, சிரிப்பு தெரிந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அண்ணியைப் பார்த்தேன்.

அவர் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்பிப் போடு."

போட்டேன். அப்போதுதான் நானும் பார்த்தேன். அவள் துள்ளவில்லை. இடது காலை முழுசாக ஊன்றாமல், விரலால் தொட்டுத் தொட்டு இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். படம் வெட்டி வெட்டிப் போனபோது அது என் தப்போடு கலந்திருந்தது. என் தப்பை எடுத்த பிறகு அது மட்டும் தனியாக நின்றது.

"நொண்டறா," என்றார் அண்ணி.

நான் படத்தை நிறுத்தினேன்.

"அன்னைக்குக் காலையில பட்டு குத்துதுன்னு பாவாடை கட்ட மாட்டேன்னா. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, உங்கம்மா வெளிய நின்னு சத்தம் போடறாங்க. கையில ஹேங்கர் இருந்துச்சு. கெண்டக்கால்ல ரெண்டு போட்டேன்." திரையில் அந்தக் காலை விரலால் தொட்டார். "மறந்தே போச்சுலா. இத்தன வருஷம் ஒரு நாளும் ஞாபகம் வரல."

இன்னொரு தடவை போடச் சொன்னார். அவள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"என்னத்தான் பாக்கறா. பின்னாலயே நான் வந்துகிட்டு இருந்தேன்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அம்மா மேலா, ஹேங்கர் மேலா, என் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஞாபகத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று கிளம்பி வந்தேன். இதைத்தான் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்திருக்கிறேன். பொய்யாகவே விட்டிருக்கலாமோ என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கும் வெட்கமாக இருந்தது.

"அழிச்சிரட்டுமா அண்ணி?"

"அழிச்சே, அப்பறம் தெரியும்," என்றார். நான் எதிர்பார்த்த திட்டு அப்போதுதான் வந்தது. "எனக்கு முழுசா வேணும். என் போன்ல போட்டுக் குடு."

போட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே பள்ளி வேன் ஹாரன் அடித்தது. சின்னவள் காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்தாள்.

"அத்தை! அக்கா வீடியோவா? சரி பண்ணிட்டீங்களா? நானும் பாக்கறேன்."

அண்ணி போனைக் கவிழ்த்து வைத்தார். கணினியில் ஒப்பிட்டுப் பார்க்க நான் திறந்து வைத்திருந்த பழைய கோப்பை விரலால் காட்டினார், அதைப் போடு என்று. பாதி வீசிய கோப்பு. போட்டேன். மஞ்சள் பாவாடை வெட்டி வெட்டிக் கடந்து போனது.

"சரியாவே தெரியலையேம்மா. அக்கா துள்ளித் துள்ளி ஓடுவாங்கன்னு சொன்னீங்க?"

"துள்ளித் துள்ளித்தான் ஓடுவா," என்றார் அண்ணி, மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டபடி. "பழைய கேமராம்மா. அத்தைதான் அன்னைக்கே சொன்னாங்கல்ல?"

சின்னவள் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.